கட்டைவிரல் அளவு

அம்மன் கோவில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டது செவ்வாய்க்கிழமை. அன்றைக்கே சென்றாயன் காப்புக் கட்டிக்கொண்டான். வியாழக்கிழமை காலையில் கோவில் பந்தலிலிருந்து எழுந்து தன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றபோது, படல் கதவுக்கு இந்தப் பக்கமே ஒரு வாடை மூக்கில் அடித்தது. கூரையில் எலி கிலி செத்துக் கிடக்கிறதோ என்றுதான் முதலில் நினைத்தான்.

"ஏனுங்க, அங்கயே நில்லுங்க. நான் கொண்டாரேன்" என்று பொன்னாயி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

காப்புக் கட்டியவன் கம்பம் பிடுங்கும்வரை வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. அது வருகிற புதன்கிழமை. அதுவரை மஞ்சள் வேட்டி, ஒருவேளைச் சோறு, பந்தலில் படுக்கை. ரத்தம் பார்க்கக் கூடாது. ஊர் எல்லைக்கு வெளியே ராத் தங்கக் கூடாது. அவன் மட்டுமில்லை, அவன் வீட்டு ஆட்களும்தான். அந்த வருஷம் கட்டியவர்கள் ஏழு பேர். ஒருவன் முறித்தால் ஏழு பேருக்கும் முறிந்த மாதிரி என்பது ஊர் வழக்கம்.

சென்றாயன் கட்டிக்கொண்டதே மகளுக்காகத்தான். நாலு வயசு அத்தாயிக்கு மாசி பிறந்ததும் தட்டம்மை போட்டது. அம்மை இறங்கிவிட்டது. தலைக்கு இரண்டு தண்ணீர் ஊற்றியாயிற்று; மூன்றாம் தண்ணீர் வெள்ளிக்கிழமை. ஆனால் பிள்ளை பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. 'எந்திரிச்சு நடந்தா பூவோடு எடுக்கறேன்' என்று நேர்ந்துகொண்டு, நெருப்புச் சட்டி ஏந்தவேண்டிய வலது கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டான்.

பொன்னாயி பிள்ளையைத் தூக்கிவந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். அத்தாயியின் இடுப்பில் வேப்பந்தழை செருகியிருந்தது. வாயோரம் எச்சில் நூலாக ஒழுகியது. இடது கன்னம் வீங்கி, எண்ணெய் பூசினாற்போல் மினுங்கியது. அந்த மினுமினுப்பின் நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி.

"நேத்து இது இல்லியே."

"உள்ளுக்குள்ள இருந்துதுங்க. இன்னிக்கு வெளிய வந்திருச்சு." பொன்னாயி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். இரண்டு பால் பற்கள். "வாயத் தொடைச்சேன். கையோட வந்திருச்சுங்க. ஒரு சொட்டு ரத்தமில்ல."

சென்றாயன் குனிந்தான். காப்புக் கட்டிய கையால் நோவைத் தொடக் கூடாது என்று இடது கையை நீட்டி, கட்டைவிரலை அந்தப் புள்ளியின்மேல் வைத்தான். விரலுக்கடியில் புள்ளி மறைந்தது. பிள்ளை முகம் சுளிக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

அவன் கிணறு வெட்டுகிறவன். மழை இரண்டு வருஷமாக ஏய்த்துவிட்டதால் கிணற்று வேலைக்குக் குறைவில்லை, கூலிக்குத்தான் குறைச்சல். படி கம்பு கொடுத்த இடத்தில் அரைப்படி அளந்தார்கள். எங்கேயோ பெரிய சண்டை நடக்கிறதாம், தானியமெல்லாம் அங்கே போகிறதாம். தை முழுக்க வீட்டில் மரவள்ளிக் குச்சிக்கிழங்குதான் வெந்தது. அதற்கப்புறம் அம்மை. அம்மை வீட்டில் பிள்ளைக்கு உப்பில்லாத கஞ்சித் தண்ணீர் தவிர வேறெதுவும் கொடுக்க வழக்கமில்லை. இருபத்திரண்டு நாளாக அத்தாயி குடித்தது அதுதான்.

அந்த நேரம் பார்த்து அம்மை குத்துகிற கண்ணுசாமி சைக்கிளில் வந்தார். வைசூரிக்கு ஊசி குத்த மாதம் ஒருதரம் வருவார். அவர் மணிச் சத்தம் கேட்டால் பெண்கள் பிள்ளைகளைத் தானியக் குதிருக்குள் ஒளித்துவைப்பார்கள்.

"என்னப்பா, மஞ்ச வேட்டியில மாப்பிள்ளையாட்டம் நிக்கறே? ரெண்டாங் கலியாணமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், பேச்சை நிறுத்தி மூக்கை உறிஞ்சினார். சைக்கிளைச் சாய்த்துவிட்டு இறங்கினார்.

பொன்னாயி பிள்ளையை மறைத்தாள்.

"ஊசிப் பொட்டியத் தொறக்கல ஆத்தா. மொகத்தக் காட்டு. சாமி, கொஞ்சம் வாயத் தொற சாமி."

பார்த்தார். துண்டால் தன் வாயைத் துடைத்துக்கொண்டார். சென்றாயனைப் பந்தல் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"இது அம்மா இல்லப்பா. அம்மா வந்துட்டுப் போன பொறவு, வயித்துல ஒண்ணுமில்லாத புள்ளையாப் பாத்துப் புடிக்கறது. ஈறுல ஆரம்பிச்சு, கன்னத்தத் தின்னுக்கிட்டு வெளிய வரும். பொறவு தாடை. போன வருசம் ராசிபுரத்துப் பக்கம் ரெண்டு புள்ளைங்களப் பாத்தேன்."

"ரெண்டும் இருக்குதுங்களா?"

"ஒண்ணு இருக்குது. அது ரெண்டாம் நாளே ஆஸ்பத்திரிக்குப் போனது. மத்தவங்க தண்ணி ஊத்தறவரைக்கும் பொறுத்தாங்க." கண்ணுசாமி அவன் மணிக்கட்டைப் பார்த்தார். "நீ புதன்கிழமை வரைக்கும் பொறுத்தா, பாக்கறதுக்கு மூஞ்சி இருக்காது. அப்புறம் உன்ற இஷ்டம்."

பூசாரி தங்கசாமி கம்பத்துக்கு மஞ்சள் நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சென்றாயன் சொன்னதையெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"நாளைக்கு மூணாந் தண்ணி. ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?"

"நேத்து உள்ள இருந்துதுங்க. இன்னிக்கு வெளிய தெரியுது. நாளைக்கு என்னாகுமோன்னு இருக்குதுங்க."

பந்தற்காலில் சாய்ந்திருந்த ராசப்பன் எழுந்து வந்தான். அவனும் காப்புக் கட்டியவன். அவன் மகனுக்கும் அம்மை. நாலு நாளாகக் கண் திறக்கவில்லை. "நீ ஒருத்தந்தான் புள்ள பெத்தியா? ஊர்ல இன்னும் ரெண்டு ஊட்ல அம்மா இருக்கறா. நீ எல்லை தாண்டி ராத் தங்கி, என்ற பையனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, கொண்டாந்து உன்ற வாசல்லதான் போடுவேன். சொல்லிப்போட்டேன்."

ராசப்பனும் சென்றாயனும் ஒரே கிணற்றில் கயிறு பிடித்தவர்கள்.

தங்கசாமி சொம்பைக் கீழே வைத்தார். "போவேண்டாம்னு நான் சொல்லல. பொழுது உழுகறதுக்குள்ள மூணு பேரும் எல்லைக்கல்லைத் தாண்டி உள்ள வந்திருக்கோணும். மருந்து வாங்கு, வந்திரு. ரத்தம் பாக்காதே."

"வந்தர்றனுங்க."

நாமக்கல் பதினோரு மைல். தார் ரோட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் நின்ற பிறகு கரியில் ஓடுகிற பஸ் புகையைக் கக்கிக்கொண்டு வந்தது. கண்டக்டர் படியில் காலை வைத்துக்கொண்டு வேப்பந்தழையைப் பார்த்தார். "அம்மா போட்ட புள்ளைய ஏத்தறதில்ல. பஸ்ஸு பூராச் சனம் இருக்குது."

பொன்னாயி பிள்ளையின் இடுப்பிலிருந்த தழையை உருவினாள். மைல் கல்லின் தலையில் அதை வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அம்மா எறங்கி எட்டு நாளாச்சுங்க" என்றாள். பொய்யில்லை. ஆனாலும் சென்றாயன் மைல் கல்லைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அதற்குள் படியேறிவிட்டாள்.

கடைசி இருக்கை. பொன்னாயி முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடிக்கொண்டாள். நாலு மைல் தாண்டுவதற்குள் முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"யாருய்யா அது, கருவாட்டு மூட்டைய மடியில வெச்சுக்கிட்டு வாரது?" என்றார் குல்லாய் வைத்த ஒருவர். இரண்டு பேர் சிரித்தார்கள். "சந்தை நாளைக்குத்தானே, இன்னிக்கே கொண்டு போறாங்களாக்கும்" என்றார் பக்கத்திலிருந்தவர்.

பொன்னாயி முந்தானையை விலக்கினாள். "இதுதானுங்க கருவாடு" என்றாள்.

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் பஸ் நின்றது. குல்லாய்க்காரர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "எனக்கும் புள்ளைங்க இருக்குதுங்க கண்டக்டரே" என்றார். மூன்று மைல் இருக்கும்போதே இறக்கிவிட்டார்கள்.

வெயிலில் நடந்தார்கள். ஒரு புளியமரத்தடியில் சென்றாயன் பிள்ளையை மாற்றி வாங்கிக்கொண்டபோது மறுபடி கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். விரலைச் சுற்றிக் கறுப்பு ஒரு நூல் அளவு வெளியே தெரிந்தது. பொன்னாயியிடம் சொல்லவில்லை. நடையை எட்டிப் போட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பெயர் தண்டாயுதபாணி. மெலிந்த மனிதர், கண்ணாடி. வாடையை அவர் பொருட்படுத்தவே இல்லை. வாயைத் திறந்து பார்த்தார், கன்னத்தை அழுத்தினார், பிள்ளையின் கையையும் காலையும் தூக்கிப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்.

"கன்னத்துச் சதை செத்துப்போச்சு. செத்தது பக்கத்துல இருக்கறதையும் சாகடிச்சுக்கிட்டே போகும். இப்பவே வெட்டி எடுக்கணும். எடுத்தாக் கன்னத்துல ஓட்டை விழும். அது மூடாது. எடுக்காட்டி நாலஞ்சு நாள். எடுத்தாலும் பிழைக்கும்னு நான் கையடிச்சுச் சொல்ல மாட்டேன். மாத்திரை கொஞ்சம் வெச்சிருக்கேன், தர்றேன். பால், முட்டை கொடுக்கணும். குறைஞ்சது இருபது நாள் இங்க படுத்திருக்கணும்."

"இன்னிக்குப் பொழுது உழுகறதுக்குள்ள போவோணுங்க" என்றான் சென்றாயன்.

டாக்டர் மஞ்சள் வேட்டியையும் கயிற்றையும் பார்த்தார். "எப்ப அவுப்பாங்க?"

"புதங்கெழமைங்க. அன்னிக்கு மத்தியானமே கொண்டாந்தர்றனுங்க. அதுவரைக்கும் அந்த மாத்திரையைக் குடுத்தீங்கன்னா..."

"புதன்கிழமை என்னத்தக் கொண்டுவருவே?" டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். குரலை உயர்த்தவில்லை. "மணி ரெண்டரை. எனக்கு வெளிச்சம் அஞ்சு மணி வரைக்கும் இருக்கும். தகப்பன் கைநாட்டு இல்லாம நான் கத்தியத் தொட முடியாது. வெளிய போய் யோசிச்சுட்டு வா. ரொம்ப யோசிக்காதே."

சென்றாயன் வராந்தாவில் வந்து நின்றான். இப்போது கிளம்பினால் பதினோரு மைலையும் நடந்தே பொழுதோடு போய்விடலாம். எல்லைக்கல்லில் தங்கசாமி நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ராசப்பனும் நிற்பான். போகாவிட்டால், இனி அந்த ஊரில் எந்தப் பிள்ளைக்கு உடம்பு சுட்டாலும் அவன் பெயரைத்தான் சொல்வார்கள். கிணற்றுக்குள் இறங்கினால் மேலே கயிறு பிடிக்க ஆள் வருமா என்பதே சந்தேகம். இதெல்லாம் போகட்டும். அம்மனுக்குச் சொன்ன வாக்கை முறித்து, அதனாலேயே பிள்ளை போய்விட்டால்? முறிக்காமல் போனாலும் போகும் என்கிறார் டாக்டர். எந்தப் பக்கம் மிதித்தாலும் கால் பாவவில்லை.

திரும்பிப் பார்த்தான். ஆஸ்பத்திரி ஆயா சௌந்திரம் பொன்னாயியிடம் ஒரு கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"பால்ல முட்டையடிச்சது. துணிய நனைச்சு நல்ல பக்கமா வுடு. வேகமா வுட்டா மூக்குல ஏறும்."

மூன்றாம் தண்ணீர் ஊற்றாத பிள்ளைக்கு முட்டை. பொன்னாயி கோப்பையை வாங்கினாள். அவனைப் பார்த்தாள். அனுமதி கேட்கிற பார்வையில்லை அது. பார்த்துக்கொண்டே துணியை நனைத்து, பிள்ளையின் வலது வாயோரத்தில் பிழிந்தாள். அத்தாயி சப்பினாள். அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டது. பாதி, கறுத்த பக்கமாக வழிந்தது. பொன்னாயி துடைத்துவிட்டு மறுபடி பிழிந்தாள்.

"ஏம்மா, உன்ற ஊட்டுக்காரரு என்ன சொல்றாரு?" என்றாள் சௌந்திரம்.

"அவரு காப்புக் கட்டியிருக்கறாருங்க. போவோணும்னா போவட்டும். நான் வாரதா இல்லீங்க."

சென்றாயன் உள்ளே போனான்.

குமாஸ்தா இடது கைப் பெருவிரலைக் கேட்டார். காப்பு இல்லாத கை என்று ஒரு கணம் சென்றாயனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. காலையிலிருந்து பிள்ளையின் கன்னத்தை அளந்த விரல். மையில் உருட்டிக் காகிதத்தில் அழுத்தினான். இந்த அளவைத்தான் வெட்டப்போகிறார்கள் என்று தோன்றியது. இதைவிடக் கொஞ்சம் பெரிதாக.

ஆனால் நிம்மதி நிற்கவில்லை. "மயக்க மருந்து கொடுத்தா இது தாங்காது" என்றார் டாக்டர். "செத்த சதைக்கு வலி தெரியாது. பயப்படும், அவ்வளவுதான். தலையை நீ பிடி. ரெண்டு கையாலயும்."

"நானுங்களா?"

"அம்மா கால் பிடிக்கட்டும். தலை ஆடக்கூடாது."

மேற்குச் சன்னலோரம் மேசை. சென்றாயன் பிள்ளையின் தலையை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டான். மஞ்சள் கயிறு அவள் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தான். ரத்தம் பார்க்காமல் இருந்துவிடலாம். ஆனால் கத்தி கன்னத்தில் இறங்கியபோது மூட முடியவில்லை.

ரத்தம் வரவில்லை.

ஈரப் பலகையைச் சீவுவதுபோல் டாக்டர் சீவினார். கறுப்பாக ஒரு துண்டு தட்டில் விழுந்தது. இன்னொன்று. அத்தாயி அழவில்லை, கண்ணை அகல விழித்து அப்பனைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க ரத்தமே வரலீங்க?" சென்றாயனின் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

"வராது. செத்த இடம். உயிர் இருக்கற இடத்துக்குப் போற வரைக்கும் வெட்டணும். ரத்தம் வந்தாத்தான் அங்க நிறுத்தலாம்."

சென்றாயனுக்குப் புரிந்தது. வறண்ட பாறையில் உளி இறங்கும்போது வெள்ளைத் தூளாகப் பறக்கும். ஒரு முழம், இரண்டு முழம், அதே தூள்தான். அப்போது கிணற்றுக்குள் யாரும் பேசமாட்டார்கள். தூள் கொஞ்சம் கறுத்து உளியில் ஒட்டுகிறதா என்று எல்லோரும் அதையே பார்ப்பார்கள். ஒட்டவில்லை என்றால் கிணற்றுக்காரன் மேலிருந்து, "போதும், ஏறுங்க" என்பான்.

டாக்டர் இன்னும் ஒரு துண்டை எடுத்தார். உள்ளே கடைவாய்ப் பல் தெரிந்தது. அதை இடுக்கியால் தொட்டதும் வந்துவிட்டது. ஈறு சாம்பல் நிறம். ரத்தம் வரவில்லை. டாக்டர் ஒரு தரம் நிமிர்ந்து சன்னல் வெளிச்சத்தைப் பார்த்தார். நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். இன்னொரு சீவல். ரத்தம் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவன், வா, வா என்று பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஓட்டையின் விளிம்பையே பார்த்தான். மேசைக் காலிலிருந்த வெயில் ஏறி மேசை விளிம்புக்கு வந்திருந்தது. வரவில்லை.

பிறகு கீழ் விளிம்பில், தாடை ஓரத்தில், குண்டூசி முனை அளவுக்குச் சிவப்பாக ஒன்று அரும்பியது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து வழிந்தன. அத்தாயி உடம்பை வில்லாக வளைத்துக் கத்தினாள். பத்து நாளில் அவள் போட்ட முதல் சத்தம்.

"பிடி, பிடி. ஆடவிடாதே" என்றார் டாக்டர். "அப்படித்தான். நல்லா அழுகட்டும்."

ரத்தம் கன்னத்தில் இறங்கி, சென்றாயனின் வலது மணிக்கட்டில் வழிந்து, மஞ்சள் கயிற்றை நனைத்தது. அவன் கையை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்றாயன் ஊர் எல்லைக்கல்லுக்கு வெளியே வந்து நின்றான். கயிற்றை அவன் அவிழ்க்கவில்லை, கட்டிவிட்ட பூசாரிதான் அவிழ்க்கவேண்டும். அதில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. வீட்டில் மிச்சமிருக்கும் கம்புத் தானியத்தையும் ஒரு சட்டியையும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போகவேண்டும். உள்ளே விடுவார்களா என்று தெரியவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவனிடம் சொல்லியனுப்பிவிட்டுக் காத்திருந்தான்.

தங்கசாமி வந்தார். கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றார். முதலில் கையைப் பார்த்தார்.

"ரத்தம் பாத்தியா?"

"பாத்தனுங்க."

"புள்ள?"

"இருக்குதுங்க. ரெண்டு வெரல் போற ஓட்டை. பாலு குடுத்தாப் பாதி அது வழியா வந்தர்து. இன்னும் பத்து நாள் போனாத்தான் சொல்ல முடியும்கறாருங்க டாக்டரு. கறுப்பு மேல ஏறலீங்க."

தங்கசாமி திரும்பி, பின்னால் தலையை அசைத்தார். வேலிக்கு அப்பாலிருந்து ராசப்பன் வந்தான். தோளில் துணி மூடிய பிள்ளை. வாசலில் கொண்டுவந்து போடுவேன் என்று அவன் சொன்னது சென்றாயனுக்கு ஞாபகம் வந்தது. ஒரு எட்டுப் பின்னால் போனான்.

ராசப்பன் எல்லைக்கல்லைத் தாண்டி வந்தான். அவன் கையிலும் மஞ்சள் கயிறு இருந்தது. சண்டைக்கு வந்தவன் முகமில்லை அது. பக்கத்தில் வந்தபோதுதான் சென்றாயனுக்கு அந்த வாடை அடித்தது. நாலு நாளாக அவன் உடம்பெல்லாம் ஊறிப்போன வாடை. தன் மேலிருந்தே அடிக்கிறதோ என்று முதலில் நினைத்தான்.

"வெள்ளிக்கெழமை ஈறு வீங்கிச்சு. நேத்து ஒரு பல்லு வந்திருச்சு" என்றான் ராசப்பன். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

சென்றாயன் துணியை விலக்கினான். பையனின் வலது கன்னம் வீங்கி மினுங்கியது. நடுவில் வெள்ளையாக, கெட்டியாக ஒரு தடம். மை இன்னும் போகாத இடது கட்டைவிரலை அதன்மேல் வைத்தான். விரலுக்கு உள்ளேயே அடங்கியது.

"கறுக்கல இன்னும். தழைய எடுத்திரு. இல்லீனா பஸ்ஸுல ஏத்தமாட்டான்."

ராசப்பன் தங்கசாமியைப் பார்த்தான். பூசாரி கம்பம் இருந்த திசையில் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தானே வந்து, பையனின் இடுப்பிலிருந்த வேப்பந்தழையை உருவிக் கல்லின்மேல் வைத்தார். சென்றாயனின் கயிற்றை அவிழ்க்கவும் இல்லை, அவிழ்க்கமாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

கம்பும் சட்டியும் சென்றாயனுக்கு மறந்துபோயிற்று. தார் ரோட்டைப் பார்த்து இருவரும் வேகமாக நடந்தார்கள். பையன் அப்பன் தோளில் கிடந்து முனகினான். பாதி வழியில் ராசப்பன் கேட்டான்.

"ரத்தம் வருமா சென்றாயா?"

"வரோணும்" என்றான் சென்றாயன்.